விருந்தாளியின் தலை

பெண்பிள்ளைகளின் முடியை வெட்டுவதற்கென்று ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைத்திருந்தார்கள். சமையலறை வாசலில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். நான் அந்த இல்லத்துக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தினமும் அந்தக் காலண்டர் முன்னால் நின்றுதான் டீ குடிப்பேன், வட்டம் எதற்கென்று ஒரு நாளும் கேட்கவில்லை. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நான் மலேசியாக்காரி. கிள்ளானில் பிறந்து வளர்ந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பெங்களூரில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைகள் இல்லத்துக்கு மூன்று மாதம் தொண்டு செய்ய ஆள் வேண்டும் என்று எங்கள் சபையில் கேட்டபோது, ஐம்பத்தொன்பது வயதில் நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையைப் பார்த்து என் மகள் சிரித்தாள். "மூணு மாசம் யாரையும் திட்டாம இருந்துருவியா நீ?" என்று கேட்டாள். இருந்து காட்டுகிறேன் பார் என்றேன். நான்கு நாள் இருந்தேன்.

இல்லம் லிங்கராஜபுரத்தில், இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் நிறுத்திய ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. மாடி வீடு. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை இருபத்திரண்டு பெண்கள். முக்கால்வாசிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள், மீதிப் பேர் கன்னடம். ஆனால் எல்லோரும் எல்லாம் பேசுவார்கள். அநாதைகள் என்று பார்த்தால் மூன்று பேரோ நான்கு பேரோதான். மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ எங்கேயோ இருந்தார்கள், வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாமல் இங்கே விட்டிருந்தார்கள். எல்லோரையும் கட்டி மேய்ப்பவர் வார்டன். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, ஒல்லி, எப்போதும் அவசரம். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன் என்று முதலில் நினைத்திருந்தேன். இப்போது கொஞ்சம் சொல்லப்போகிறேன்.

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவர்கள் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள், பலூன் ஊதுவார்கள், குழந்தைகள் கன்னத்தில் வர்ணம் பூசுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். கூடத்துச் சுவர் நிறைய அப்படி வந்து போனவர்களின் சிரித்த முகம். பிள்ளைகளுக்கு நன்றாகவே பழக்கியிருந்தார்கள்: வருகிறவர் மனம் கோணக்கூடாது. எனக்குப் பாட்டு வராது. அதற்குப் பதில் இரண்டாவது வாரம் சமையலறைக்குள் புகுந்து எங்கள் ஊர் சம்பால் அரைத்துச் சோற்றோடு போட்டேன். மிளகாய் அளவு தவறிவிட்டது. பிள்ளைகளின் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது, ஒன்று விடாமல் "சூப்பர் ஆன்ட்டி, சூப்பர்" என்கிறது. நானும் அதை நம்பி மறு வாரமும் அரைத்தேன். ஐயோ, அந்தப் பிள்ளைகளின் வயிறு!

அந்த இருபத்திரண்டில் ஒன்பது வயதுக்காரி ஒருத்தி. நிறையப் பேசமாட்டாள். தோளுக்குக் கீழே இறங்கிய முடி, நல்ல அடர்த்தி. அவள் அம்மா வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் வீட்டு வேலை, அங்கேயே தங்கல். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் அந்தம்மாவுக்கு லீவு. இரண்டு பஸ் மாறி வருவார். பெற்றவர்கள் பார்க்கிற நேரம் மதியம் இரண்டிலிருந்து நான்கு. மற்ற அம்மாக்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, கதை பேசி, அழுது, மூக்கைச் சிந்துவார்கள். இந்த அம்மா பையிலிருந்து சீப்பையும் எண்ணெய்ப் பாட்டிலையும் எடுப்பார். மாடிப்படியில் மேல் படியில் அவர், கீழ்ப் படியில் மகள். இரண்டு மணி நேரமும் தலைதான். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வகிடு பிரித்து, பின்னி, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடி பின்னுவார். பேச்சே இருக்காது. மகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் அந்தப் படியைக் கடந்து மாடிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை, கீழேயே நின்றுவிட்டேன்.

காலண்டர் வட்டத்தின் அர்த்தத்தை எனக்குச் சொன்னது அவள்தான். மே மாதம் பாதி தாண்டிய ஒரு காலை, பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க ஊர்ல முடி சீக்கிரம் வளர்றதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?"

"எதுக்குடி உனக்கு? இருக்கிற முடி போதாதா?"

"அந்த சனிக்கிழமை எல்லாருக்கும் பாய் கட் பண்ணிருவாங்க. ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் பண்ணுவாங்க. அதுக்கு அடுத்த வாரம் அம்மா வருவாங்க."

"வந்தா என்ன?"

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "போன வருஷம் வந்தாங்க. முடி இல்ல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. அப்புறம் சீக்கிரமே போயிட்டாங்க."

அதற்கு அடுத்த இரண்டு மாதம் அந்தம்மா வரவில்லையாம். லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னாராம். முடி காது வரைக்கும் வந்த பிறகுதான் வர ஆரம்பித்தாராம். அவள் இதையெல்லாம் அழாமல் கொள்ளாமல், பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னாள்.

நேரே வார்டனிடம் போனேன். பதமாகப் பேச வேண்டும் என்று மாடி ஏறும்போது நினைத்தேன், ஏறி முடிப்பதற்குள் மறந்துபோனது.

"என்னா வார்டன், இது பிள்ளைங்க இல்லமா, ஜெயிலா? ஆளுக்கு ஒரே மாதிரி மொட்டை அடிக்கிறதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நோட்டை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"மொட்டை இல்ல ஆன்ட்டி, கட்டிங். போர்வெல் வத்திப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மூணு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் வருது, அதுவும் வந்தா உண்டு. இருபத்திரண்டு தலைக்கு நீள முடி அலச நான் எங்க போறது? பேன் வந்தா ஸ்கூல்ல இருந்து திருப்பி அனுப்புறாங்க. 'ஹோம் பிள்ளைங்க, பக்கத்துல உக்காராதே'ங்கறாங்க. அதையும் இவங்கதானே கேக்கணும்? முடி வேணுமா, மானம் வேணுமா, நீங்களே சொல்லுங்க."

நியாயம்தான். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நியாயமாகப் பேசுகிறவரோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம்! அந்த ஒன்பது வயதுக்காரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒருத்திக்கு விட்டால் இருபத்தொரு பேர் என்ன பாவம் செய்தார்கள் என்றார். அதுவும் நியாயம்.

"சரி லா, பேன்தானே உங்க பிரச்சினை?" என்றேன், எங்கள் ஊர் 'லா' போட்டு. "இருபத்திரண்டு தலையிலும் ஒரு பேன் இல்லாம, ஒரு ஈறு இல்லாம நான் பண்ணிக் காட்டுறேன். இப்ப இருக்கிற தண்ணிக்கு மேல ஒரு சொம்பு கேக்கமாட்டேன். அப்ப கத்தரி வேண்டாம்ல?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதினோரு நாள் இருக்கு ஆன்ட்டி. உங்களால முடியாது."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா வெட்டல. ஆனா ஒரு தலையில ஒரே ஒரு பேன் இருந்தாலும் எல்லாருக்கும் வெட்டுவேன். அப்புறம் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது."

பேசமாட்டேன் என்றேன். முப்பது வருடம் பிள்ளைகள் வார்டில் பேன் பார்த்தவளிடம் முடியாது என்று சொன்னால் விடுவேனா?

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தேன். கடைத்தெருவில் பேன் சீப்பு ஒரு டஜன் வாங்கி, சந்தில் இருந்த இரண்டு தையல் கடைகளில் கேட்டு வெள்ளைத் துணித் துண்டுகள் கொண்டுவந்தேன். மொட்டைமாடியில் பாயை விரித்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, மடியில் வெள்ளைத் துணி. எண்ணெயை நன்றாக ஊற்றி ஊறவைத்தால் பேன் ஓட முடியாமல் நிற்கும், அப்போது சீப்பைப் போட வேண்டும். ஈறுதான் பாடுபடுத்தும். ஒவ்வொரு முடியாகப் பிடித்து நகத்தால் உருவ வேண்டும். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம். தலையணை உறை, துண்டு, ரிப்பன் எல்லாவற்றையும் வெயிலில் போட்டேன். அலசுவதற்கு ஆளுக்கு அரை பக்கெட், அந்தத் தண்ணீரையும் கக்கூசுக்குப் பிடித்து வைத்தேன். வார்டன் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்ப்பார், இறங்கிவிடுவார்.

திட்டாமலும் இல்லை. "ஆடாதடி! தலையா இது, கோழிக்கூடா?" என்று கத்துவேன். அவர்கள் "சாரி ஆன்ட்டி, தேங்க்யூ ஆன்ட்டி" என்பார்கள். சீப்பு மண்டையைப் பிராண்டி ரத்தம் வந்தாலும் தேங்க்யூதான். என்ன பிள்ளைகளடா இவர்கள் என்று எனக்கே சலிப்பாக இருக்கும். ஒருத்தியாவது திருப்பிக் கத்தமாட்டாளா?

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர்களுக்கு நான் ஒரு பரிசு வைத்திருந்தேன். என் தலை. எனக்கு முடி அந்த வயதிலும் இடுப்பைத் தொடும், சாயம் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பேன். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைக்கப்போவதில்லை. கொண்டையை அவிழ்த்து விட்டுவிட்டு பாயில் உட்காருவேன். "மலேசியா ஆன்ட்டி முடி" என்று ஒரே அடிதடி. பின்னுவார்கள், அவிழ்ப்பார்கள், செம்பருத்தி செருகுவார்கள். கடைசியில் எல்லோரையும் தள்ளிவிட்டு ஒன்பது வயதுக்காரி உட்காருவாள். அவள் விரல் மெதுவாக, வகிடு வகிடாக என் மண்டையில் நகரும். அம்மாவிடம் கற்ற கை. நான் சொக்கிப்போய்த் தூங்கிவிழுவேன்.

இடையில் எனக்குத் தலை அரித்தது. பெங்களூர் டேங்கர் தண்ணி என்று நினைத்தேன். பிறகு தூசி என்று நினைத்தேன். பொடுகாக இருக்கும் என்று ஒரு ஷாம்பூ வாங்கினேன். வேறொன்றாக இருக்கும் என்ற எண்ணம் என் புத்தியின் ஓரத்தில்கூடத் தட்டவில்லை. நான்தானே பேன் பார்க்கிறவள்!

சனிக்கிழமை வந்தது. முடி வெட்டுகிறவர் காலையிலேயே பையோடு வந்து, கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, துணியை உதறி மாட்டினார். கன்னடக்காரர், சாது. வார்டன் ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தலையாகச் சீப்பை வைத்து இழுத்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி இல்லை. பதினைந்து தாண்டும்போது வார்டனின் முகமே மாறியது. "பரவால்லையே ஆன்ட்டி" என்றார். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தோராவதாக ஒன்பது வயதுக்காரி உட்கார்ந்தாள். சீப்பு காதுக்குப் பின்னால் போய் இறங்கியது. துணியில் ஒரு பேன் விழுந்து, காலை உதறிக்கொண்டு நடந்தது. நன்றாகக் கொழுத்த பேன்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் தலையை இரண்டு முறை பார்த்தேன். ஒரு ஈறு இல்லை, சத்தியமாக இல்லை. வார்டன் சீப்பைக் கீழே வைத்தார்.

"நான் சந்தோஷப்படல ஆன்ட்டி" என்றார். "ஆனா பேச்சு பேச்சுதான்."

அந்தப் பிள்ளை எழுந்து நாற்காலியை நோக்கி நடந்தாள். பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். முடி வெட்டுகிறவர் கத்தரியை எடுத்தார். அப்போதுதான் வரிசையின் கடைசியில் நின்ற ஆறு வயதுப் பொடிசு ஓவென்று கத்தியது.

"அது அக்கா ஹேனு இல்ல! அது ஆன்ட்டி ஹேனு!"

பேனை அங்கே பாதிப் பிள்ளைகள் கன்னடத்தில் ஹேனு என்றுதான் சொல்வார்கள். வார்டன் எழுந்து போய்ப் பொடிசின் தோளைப் பிடித்தார். "என்ன பேச்சு இது? கெஸ்ட்கிட்ட இப்படியா பேசுறது? சாரி சொல்லு ஆன்ட்டிக்கு. சொல்லு!"

பொடிசு வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. நான் மற்றவர்களைப் பார்த்தேன். இருபத்தொரு ஜோடிக் கண்ணும் தரையைப் பார்த்தன. எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"என் தலையில பேன் இருக்காடி?"

நான் கொண்டையை அவிழ்த்துவிட்டு, வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, குனிந்து, சீப்பை உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒன்று இல்லை, இரண்டு இல்லை. ஒரு குடும்பமே இறங்கியது. முடி வெட்டுகிறவர் "அய்யய்யோ" என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

ஒன்பது வயதுக்காரிதான் பதில் சொன்னாள். "மொத நாளே பாத்தோம் ஆன்ட்டி. எல்லாருக்கும் தெரியும். நான் டெய்லி சாயங்காலம் பின்னும்போது நாலஞ்சு எடுத்துருவேன். உங்களுக்குத் தெரியாம."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"வந்தவங்ககிட்ட அப்படிச் சொல்லக்கூடாது ஆன்ட்டி. நீங்க எங்கள பாக்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பதினோரு நாள் நான் இவர்கள் தலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன், இவள் ஓசைப்படாமல் என் தலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். என் மனம் கோணாமல் இருக்க என் பேனை வாங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள், அதற்காக இப்போது கத்தரியின் கீழும் உட்காரப்போகிறாள். யார் இவர்களுக்கு இந்த மரியாதையைச் சொல்லிக்கொடுத்தது? சுவரில் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை போட்டோவையும் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. பிறகு நினைத்தேன், அந்தச் சுவரில் அடுத்தது என் முகம்தான்.

நாற்காலியில் போய் நான் உட்கார்ந்தேன். "பேன் என்னது. ரூல்னா எனக்கும் ரூல்தான். என் முடிய மொதல்ல வெட்டுங்க" என்றேன்.

முடி வெட்டுகிறவர் கையைக் கூப்பி, கன்னடத்தில் வேண்டாம் வேண்டாம் என்றார். "பேட மேடம், பேட. நான் போறேன்."

வார்டனுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்தது. நான் அதுவரை பார்த்திராத கோபம். "ஆன்ட்டி, எழுந்திருங்க. இந்த டிராமா எல்லாம் வேண்டாம். நீங்க ஜூன் கடைசியில பிளேன் ஏறிருவீங்க, உங்க முடி உங்க ஊர்ல வளரும். அடுத்த மாசம் பேன் வந்தா யார் பாக்கிறது? பதினோரு நாள் நீங்க மாடியில உக்காந்தீங்க, எனக்கு பதினோரு வருஷமா உக்கார நேரமில்ல. வர்றவங்க எல்லாம் ஒண்ணு ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போயிருவீங்க. இருக்கிறவ நான்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

வார்டன் ஒன்பது வயதுக்காரியைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். "வாம்மா. வந்து உக்காரு."

"மாட்டேன்" என்றாள் அவள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள். வார்டன் காது கேளாதவர் போல நின்றார். ஒன்பது வாரத்தில் அந்த வீட்டில் எந்தப் பிள்ளை வாயிலிருந்தும் நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

"என்ன சொன்ன?"

"நான் உக்கார மாட்டேன் வார்டன் ஆன்ட்டி." அவள் பின்னலை விடவில்லை. "மலேசியா ஆன்ட்டி போயிருவாங்க. நாங்க எங்க போறோம்? நாங்க இங்கதானே இருக்கோம். நாங்களே ஒருத்தர் தலைய ஒருத்தர் பாத்துக்கிறோம். எனக்குப் பாக்கத் தெரியும். எங்கம்மா வர்றப்ப எனக்கு முடி இருக்கணும்."

பொடிசு அழுகையை நிறுத்திவிட்டு "எனக்கும் வேணாம் கட்டிங்" என்றது. பதினான்கு வயதுக்காரி ஒருத்தி, இதுவரை ஆமாம் ஆன்ட்டி தவிர வேறெதுவும் பேசாதவள், முன்னால் வந்து நின்று, "ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பாக்குறோம். தண்ணி நாங்க மிச்சம் பிடிக்கிறோம்" என்றாள். வரிசை கலைந்துபோனது. ஆளாளுக்குப் பேசினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேசக்கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்தேன். பேசவும் தேவைப்படவில்லை.

வார்டன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாசம்" என்றார் கடைசியில். "ஒரே ஒரு மாசம் டைம். அப்ப ஒரு பேன் பாத்தேன்னு வெச்சுக்கோ, யார் பேச்சும் கேக்கமாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "மொதல்ல இவங்களப் பாருங்கடி. வீடு பூரா இவங்கதான் பரப்பிட்டு இருக்காங்க" என்றார்.

முடி வெட்டுகிறவர் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அன்று மதியம் முழுக்க நான் மொட்டைமாடிப் பாயில் குனிந்து உட்கார்ந்தேன், ஆறு பேர் என் தலையை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது கேட்டேன் அவர்கள் நிஜக் குரலை. "ஆடாதீங்க ஆன்ட்டி!" "இப்படி ஒரு தலைய வெச்சுக்கிட்டு எங்கள திட்டினீங்களா?" "சாயம் வேற, ஈறே தெரியல." பதினான்கு வயதுக்காரி, என் சம்பாலால் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றாள். திட்டட்டும் என்று குனிந்தே இருந்தேன். கழுத்து ஒடிந்துபோனது. ஒன்பது வாரத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷமான மதியம் இன்னொன்று இல்லை.

இரண்டாவது ஞாயிறு வந்தது. காலையிலேயே நான் ஒன்பது வயதுக்காரியை உட்காரவைத்து, தலை அலசி, காயவைத்து, ஒரு மணி நேரம் மெனக்கெட்டு இரட்டைப் பின்னல் போட்டேன். என் கைத்திறமை முழுவதையும் காட்டி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டினேன். அவள் அம்மா பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஆசை. ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றி கேட்கிற ஆசைதான்.

இரண்டு மணிக்கு அந்தம்மா வந்தார். சந்து முனையில் திரும்பும்போதே கண் மகளின் தலையைத் தேடியது. பின்னலைப் பார்த்ததும் கால் ஒரு நிமிடம் நின்றது. பிறகு ஏறக்குறைய ஓடிவந்தார். மேல் படியில் உட்கார்ந்து, மகளைக் கீழ்ப் படியில் இழுத்து இருத்தி, என் ரிப்பனை உருவிப் பக்கத்தில் போட்டார். என் பின்னல் இரண்டையும் கடகடவென்று அவிழ்த்தார். ஒரு மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் போனது. எனக்குச் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சீப்பை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நல்லாத்தான் பின்னியிருக்கீங்கம்மா. ஆனா இது என் வேலை."

நான் ரிப்பனைப் பொறுக்கிக்கொண்டு படியிறங்கி, கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். மாதத்தில் ஒரே ஒரு நாள் அவருக்குக் கிடைக்கிற வேலை, அதில் பாதியை நான் முடித்து வைத்துவிட்டு நன்றியும் எதிர்பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. படியில் எண்ணெய் வாசம். அந்தம்மா அவசரமே படவில்லை. முடியை முடியாகப் பிரித்தார், முகர்ந்தார், மறுபடி பிரித்தார். மூன்று மணிக்குத்தான் வகிடே எடுத்தார்.

நான்கு மணிக்கு வார்டன் படிக்குக் கீழே வந்து நின்று, "டைம் ஆச்சும்மா" என்றார். மற்ற அம்மாக்கள் எழுந்து பையை எடுத்தார்கள். இந்த அம்மா வழக்கமாக முதல் ஆளாக எழுகிறவர், அரைப் பின்னலானாலும் அப்படியே ரப்பரைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர் என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். இன்றைக்கு அவர் கையும் நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

"ஒரு பக்கம்தான் ஆகியிருக்கு வார்டன்மா" என்றார். "இன்னொரு பக்கத்தையும் பின்னிட்டுத்தான் எந்திரிப்பேன்."